மாலைதீவு நேரம்

"எல்லாவற்றையும் அழித்துவிடட்டுமா?" என்று கம்ப்யூட்டர் ஆங்கிலத்தில் கேட்டது.

வைரஸைத்தான் கேட்கிறது என்று நினைத்தார் இராசையா. 'ஆம்' என்பதை ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக அழுத்திவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். இரண்டு மாதமாக அவரைப் படாதபாடு படுத்திய வைரஸ் இன்றோடு ஒழிந்தது. திரையில் ஒரு நீலக்கோடு மெல்ல மெல்ல நீண்டுகொண்டு போவதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு வயிறு குளிர்ந்தது.

இராசையா ஹல்துமுல்லைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கர். வீடு டவுனில், மெயின் ரோட்டைப் பார்த்தபடி. தோட்டத்து ஆபீஸுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தபோது, கழித்துப் போட்ட பழையதைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். அதில் லினக்ஸ் போடச் சொன்னவர், ஹப்புத்தளையில் கம்யூனிகேஷன் கடை வைத்திருக்கும் ஜஸீல். அண்ணன் என்கிற முறையில் அவரை 'நானா' என்றுதான் இராசையா கூப்பிடுவார்.

"இந்தச் சீடியப் போட்டீங்கன்னா வைரஸ் வாசப்படி மிதிக்காது ஐயா. வெளிநாட்டுலேருந்து தபால்ல சும்மாவே அனுப்புறாங்க, வச்சுக்குங்க" என்று கையில் திணித்து அனுப்பியிருந்தார்.

ஒரு மணி நேரத்தில் லினக்ஸ் ஏறிவிட்டது. பளிச்சென்று புதுத் திரை. இராசையா பெருமை தாங்காமல் மனைவி யோகம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. அந்த மாப்பிள்ள படத்த எடுங்க, இன்னொருக்கா பாப்போம்."

இராசையா தேடினார். அங்கே திறந்தார், இங்கே திறந்தார். எந்தப் பெட்டியைத் திறந்தாலும் வெறுமையாக இருந்தது.

"அது வந்து... வைரஸோட சேந்து போயிருச்சு போல."

"மாப்பிள்ளையையுமா அழிச்சுட்டீங்க?" என்று யோகம்மா நெஞ்சில் கை வைத்தாள்.

விஷயம் சாதாரணமானதல்ல. ஒரே மகள் ஆர்த்திகா மொனராகலையில் டீச்சர். மூன்று வருஷமாகத் தேடி, இப்போதுதான் மனசுக்குப் பிடித்த சம்பந்தம் ஒன்று வந்திருந்தது. மாப்பிள்ளை பிரவீணனுக்குப் பதுளையில் ஒரு வங்கியில் வேலை. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை சரியாகப் பத்து மணிக்குப் பெண் பார்க்க வருகிறார்கள். ஆர்த்திகா வெள்ளிக்கிழமை வந்து படத்தைப் பார்த்து 'சரி' சொல்ல வேண்டும். அந்தப் படம்தான் இப்போது காற்றோடு போய்விட்டது.

'சரியாகப் பத்து மணி' என்பதிலும் விஷயம் இருந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் சிவசுப்பிரமணியம், தெமோதரையில் இருக்கும் ஓய்வுபெற்ற டீமேக்கர். அரைத்த கொழுந்தை இரண்டு நிமிஷம் கூடுதலாகப் போட்டுவைத்தாலும் தேயிலை பாழாகிவிடும் என்று முப்பது வருஷம் கையில் வாட்சைப் பிடித்தபடியே பெக்டரியில் நின்ற மனுஷர். பண்டாரவளையில் ஒரு பெண் வீட்டார் பத்து நிமிஷம் காக்க வைத்தார்கள் என்பதற்காக, தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து வந்தவர். அந்தக் கதையைப் புரோக்கர் சொன்ன நாளிலிருந்து இராசையாவுக்குச் சரியான தூக்கமில்லை.

"படம் மெயில்ல இருக்கும். நெட்டப் போட்டு எடுத்துட்டா முடிஞ்சுது" என்று யோகம்மாவைச் சமாதானப்படுத்தினார்.

நெட்டைப் போட்டார். லினக்ஸ் மோடத்தை இன்னாரென்றே அடையாளம் காணவில்லை. ஜஸீலுக்குப் போன் செய்தார்.

"அதுக்கு ட்ரைவர் போடணும் ஐயா."

"எங்க இருக்கு அது?"

"நெட்டுல இருக்கு."

"நெட்டுக்குப் போகத்தானே நானா மோடத்தக் கேக்குறேன்!"

அடுத்த நாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு ஹப்புத்தளைக்குப் போய், ட்ரைவரை ஒரு பிளாப்பியில் வாங்கி வந்தார். பிளாப்பி படிக்கவில்லை. அதற்கு மறுநாள் போய் சீடியில் வாங்கி வந்தார். சீடி படித்தது. ஜஸீல் எழுதிக் கொடுத்த கட்டளைகளை ஒரு புள்ளி பிசகாமல் அடித்தார். மோடம் கீச்சென்று கத்தி, கரகரத்து, ஒருவழியாக வெளியுலகத்தோடு பேசத் தொடங்கியது.

படம் மேலிருந்து கீழாக அங்குலம் அங்குலமாக இறங்கியது. முதலில் முடி. பிறகு நெற்றி. பிறகு கண்ணாடி. மூக்கு வரை வந்ததும் லைன் அறுந்துவிட்டது.

"வாய் எப்படியிருக்குன்னு தெரியாம எப்படிப் பொண்ணக் குடுக்குறது?" என்றாள் யோகம்மா.

நாலாவது தடவையில் வாயும் வந்து, கழுத்துப்பட்டியும் வந்து, மாப்பிள்ளை முழுசாகத் திரையில் உட்கார்ந்தார். இராசையா நிம்மதியாக மூச்சு விட்டார். அப்போதுதான் யோகம்மா திரையின் மூலையைக் காட்டினாள்.

"ஏங்க, இப்ப மணி ஏழரையா?"

இராசையா தன் வாட்சைப் பார்த்தார். ஏழு.

அது 2006ஆம் வருஷம் மே மாதம். சித்திரைப் புத்தாண்டோடு அரசாங்கம் நாடு முழுக்கக் கடிகாரத்தை அரை மணி பின்னுக்குத் தள்ளியிருந்தது. இராசையா அன்றைக்கே வாட்சை மாற்றிக்கொண்டார். யோகம்மா மாட்டேன் என்றுவிட்டாள். "அரசாங்கம் சொன்னா சாமி அரை மணி கழிச்சு எந்திரிக்குமா?" என்பது அவள் கட்சி. அதனால் சுவர்க் கடிகாரம் பழைய நேரத்திலும் இராசையாவின் வாட்ச் புது நேரத்திலுமாக, ஒரே வீட்டுக்குள் ஒரு மாதமாக இரண்டு நாடு நடந்துகொண்டிருந்தது. இப்போது கம்ப்யூட்டரும் யோகம்மா பக்கம் சேர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா! ஒலகத்துக்கே தெரியுது, ஒங்களுக்குத்தான் தெரியல" என்றாள் அவள்.

"இனி இந்த வீட்டுல ஒரே நேரந்தான். கம்ப்யூட்டர் நேரந்தான் வீட்டு நேரம். முதல்ல நான் இதச் சரிபண்றேன்" என்று இராசையா சபதம் போட்டார்.

கையால் அரை மணி குறைத்தார். நெட்டில் ஏறியதும் அது மறுபடி ஏழரைக்குப் போய் நின்றது. நெட்டிலிருந்து நேரம் வாங்காதே என்று தடுத்தார். அணைத்துப் போட்டபோது 1998ஆம் வருஷம் ஜனவரி முதலாம் திகதி காட்டியது, உள்ளே இருந்த பேட்டரி எப்போதோ செத்திருந்தது. அந்தக் கணக்குப்படி ஆர்த்திகாவுக்குக் கல்யாண வயதே ஆகவில்லை. பயந்துபோய், நெட்டிலிருந்தே வாங்கிக்கொள் என்று பழையபடி விட்டார்.

வெள்ளிக்கிழமை மூன்றாவது தடவையாக ஹப்புத்தளையில் போய் இறங்கினார்.

"சின்ன விஷயம் ஐயா" என்றார் ஜஸீல். "நெட்டுலேருந்து வர்ற ஒலக நேரத்தோட, நீங்க எந்த நாடோ அதுக்கான கணக்கக் கூட்டித்தான் அது காட்டும். சீடி போன வருஷத்துது. நம்ம நாடு நேரத்த மாத்துனது அதுக்குத் தெரியாது. பட்டியல்ல கொழும்ப எடுத்துட்டுக் கல்கத்தாவப் போட்டுருங்க. இந்தியாவும் நாமளும் இப்ப ஒரே நேரம்."

இராசையாவின் முகம் மாறிப்போனது.

"இந்தியான்னு போடவா சொல்றீங்க?"

"நேரத்துக்கு மட்டுந்தானே ஐயா."

"நானா, நான் பொறந்தது இங்க, தோட்டத்து ஆஸ்பத்திரியில. அம்பது வருஷம் எந்த அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும் நீ இந்தியாக்காரன், நீ இந்தியாக்காரன்னு வாசல்லயே திருப்பி அனுப்புனாங்க. எங்க அண்ணன் குடும்பத்த இந்தியாவுக்குக் கப்பல்லயே ஏத்திட்டாங்க. மூணு வருஷத்துக்கு முந்தித்தான், நீயும் இந்த நாட்டுக்காரன்னு ஒரு தாளக் குடுத்தாங்க. இப்ப நானே என் கையால இந்தியான்னு அமுக்கணுமா?"

ஜஸீலிடம் கம்ப்யூட்டர் தொந்தரவு எல்லாவற்றுக்கும் ஒரு சீடி உண்டு, இதற்கு இல்லை. அவர் ஒரு பிளேன்டீயை வரவழைத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்த இராசையா பட்டியலை மேலிருந்து கீழ்வரை அலசினார். உலகத்தில் இத்தனை நாடு இருக்கிறது, நமக்குப் பொருந்தும் நேரம் இந்தியாவைத் தவிர இன்னொன்றிடம் இல்லாமலா போகும்? காத்மண்டுவைப் போட்டுப் பார்த்தார். கால் மணி முந்திக் காட்டியது.

அன்று சாயந்தரம் வந்து சேர்ந்த ஆர்த்திகா பையைக் கீழே வைக்காமலே தகப்பனின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"என்னாப்பா, நாம இப்ப நேபாளத்துலயா இருக்கோம்?"

"கால் மணிதானம்மா வித்தியாசம். மானத்துக்கு முன்னால கால் மணி பெரிசா?"

"டீமேக்கருக்குப் பெரிசுதானே?"

அதுவும் நியாயம்தான். இராசையா மேலும் தேடி, மாலைதீவில் போய் நின்றார். கம்ப்யூட்டர் இப்போது அரை மணி பிந்திக் காட்டியது. அரை மணி என்பது முழுசான கணக்கு, மனசுக்குள் சுலபமாகக் கூட்டிக்கொள்ளலாம். ஒரு தாளில் 'அரை மணி கூட்டவும்' என்று எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டினார். மாலைதீவுக்காரன் ஒருத்தனும் அவரை எந்தக் கந்தோர் வாசலிலும் மறித்ததில்லை. அந்த மட்டில் அவருக்குத் திருப்தி.

ஆர்த்திகா படத்தைப் பார்த்தாள். "கண்ணாடிய விட ஆளு பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதைச் 'சரி' என்று எடுத்துக்கொள்ளும்படி யோகம்மா கண்ணால் சாடை காட்டினாள்.

சனிக்கிழமை இராசையா பலகாரம் வாங்க பண்டாரவளைக்குப் போனார். வீட்டில் யோகம்மா தூசு தட்டினாள், கண்ணாடி துடைத்தாள், திரைச்சீலை மாற்றினாள். ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது கம்ப்யூட்டர் பூப்போட்ட துணிக்குள் மணப்பெண் மாதிரி அடக்கமாக இருந்தது.

குளித்துவிட்டு வந்து வாட்சைக் கட்டிய இராசையா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வாட்சைப் பார்த்தார். இரண்டிலும் எட்டு மணி. அவருக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. ஒரு மாதம் முறுக்கிக்கொண்டு நின்றவள், மகளின் நல்ல காரியத்துக்காகப் பிடிவாதத்தை விட்டுக் கடிகாரத்தை மாற்றிவிட்டாளே. சொன்னால் வெட்கப்படுவாள் என்று பேசாமல் இருந்துவிட்டார். இன்னும் முழுசாக இரண்டு மணி நேரம் இருக்கிறது என்று சாவகாசமாக உட்கார்ந்து பேப்பர் படித்தார்.

வாட்ச் ஒன்பதரை காட்டியபோது, பலாங்கொடையிலிருந்து பண்டாரவளைக்குப் போகும் பத்து மணி பஸ் வாசலைக் கடந்து ஹார்ன் அடித்துக்கொண்டு போனது.

இராசையா பேப்பரைப் போட்டுவிட்டு எழுந்தார். அந்த பஸ் ஒரு நாளும் முந்திப் போனதில்லை.

"யோகம்! கடிகாரத்த எதப் பாத்து மாத்துன?"

குசினியிலிருந்து பதில் வந்தது. "நேத்து ராத்திரி கம்ப்யூட்டரப் பாத்துத்தான். நீங்கதானே சொன்னீங்க, கம்ப்யூட்டர் நேரந்தான் வீட்டு நேரம்னு. ஒங்க வாட்சையும் ஆர்த்தி வாட்சையும் சேத்தே மாத்திட்டேன்."

"அதுல ஒரு தாளு ஒட்டியிருந்தேனே?"

"அந்தக் கிறுக்கலா? மாப்பிள்ள வீட்டுக்காரங்க வர்ற எடத்துல அது எதுக்கு? கிழிச்சுப் போட்டுட்டேன்."

"அடிப்பாவி, இப்ப மணி பத்து!"

அதற்குப் பிறகு வீட்டில் யாருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வடைக்கு எண்ணெய் இன்னும் காயவில்லை. ஆர்த்திகாவின் தலைமுடியில் தண்ணீர் சொட்டியது. இராசையா கேட்டுக்கு ஓடினார். ரோட்டில் யாருமில்லை. உள்ளே ஓடி வந்து வடை வெந்துவிட்டதா என்று பார்த்தார். மறுபடி கேட்டுக்கு ஓடினார். பத்து நிமிஷம் போனது. கால் மணி போனது.

மாப்பிள்ளை வீட்டு வேன் வரவில்லை. அவருக்கு இப்போது வேறு பயம் பிடித்துக்கொண்டது. பத்து மணிக்கு டாணென்று வந்திருப்பார்கள். தான் உள்ளே வடைச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒரு நிமிஷத்தில், வாசலில் வரவேற்க ஒருவரையும் காணாமல் டீமேக்கர் வேனைத் திருப்பச் சொல்லியிருப்பார். மூன்று வருஷத் தேடலையும் ஒரு மாலைதீவு விழுங்கிவிட்டது. 'இந்தியான்னே அமுக்கித் தொலைச்சிருக்கலாம்' என்று முதல் தடவையாக நினைத்தார். நினைத்த மாத்திரத்தில் கண் கலங்கியது.

ஆர்த்திகா சேலையைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வந்தாள். "விடுங்கப்பா. நேரத்துக்காகப் போறவங்க போகட்டும்" என்றாள். ஆனால் அவள் குரலிலும் சுரத்து இல்லை. அந்தக் கண்ணாடிக்காரரை அவளுக்குப் பிடித்திருந்தது என்பது அப்போதுதான் தகப்பனுக்கு உறைத்தது.

அந்த நேரம் பார்த்து வேன் வந்து நின்றது.

இராசையாவுக்குச் சுவர்க் கடிகாரம் ஞாபகம் வந்தது. அதைச் சரிசெய்ய நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அதற்குள் சிவசுப்பிரமணியம் படியேறிவிட்டார். இராசையா தூக்கி வந்த நாற்காலியை அப்படியே அவருக்குப் போட்டு, "வாங்க, வாங்க, ஒக்காருங்க" என்றார்.

சிவசுப்பிரமணியம் உட்காரவில்லை. ஏதோ சொல்ல வாயைத் திறந்துகொண்டே சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். சொல்ல வந்ததை விழுங்கினார். தன் வாட்சைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார்.

"சரியா பத்து" என்றார், கொஞ்சம் மெதுவாக.

"ஆமா, பத்துத்தான்" என்றார் மாப்பிள்ளையின் தாய்மாமன், தன் வாட்சைப் பார்த்து. மாப்பிள்ளையின் அம்மாவும் வளையலை ஒதுக்கி வாட்சைப் பார்த்துத் தலையாட்டினாள்.

இராசையாவுக்குத் தலை சுற்றியது. வந்தவர்கள் எல்லாருடைய வாட்சிலும் பத்து. அப்படியென்றால் பஸ்காரன்தான் அரை மணி முந்திப் போயிருக்கிறான். ஆனால் அரை மணி பிந்திய கம்ப்யூட்டர் எப்படிச் சரியானது? அவருக்குப் பொறி தட்டியது. லினக்ஸ் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் என்று ஜஸீல் ஒரு தடவை சொல்லியிருந்தார். திருத்திக்கொண்டுவிட்டது! நல்லவேளை, நாற்காலியில் ஏறிக் கடிகாரத்தில் கை வைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. பூப்போட்ட துணியைச் சடாரென்று உருவி, கம்ப்யூட்டரைப் போட்டு நெட்டில் ஏற்றிக் காட்டினார்.

"எங்க வீட்டுல எல்லாம் கம்ப்யூட்டர் நேரமுங்க. நெட்டுலேருந்து நேரா வருது. ஒரு செக்கன் பிசகாது!"

சிவசுப்பிரமணியம் திரையை உற்றுப் பார்த்தார். பத்து மணி ஆறு நிமிஷம். கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாது" என்றார்.

"சொல்லவே சொல்லாதுங்க!"

"லினக்ஸா போட்டிருக்கீங்க?" என்று பிரவீணன் ஆவலாகக் கேட்டான்.

"நானே போட்டேன்" என்றார் இராசையா. அழிந்ததையும் மூக்கோடு நின்றதையும் அவர் சொல்லவில்லை.

வேனோட்டி வந்த பாறூக், கையெல்லாம் கறுப்பாக இருக்கிறது, கழுவக் கொஞ்சம் சவர்க்காரம் வேண்டும் என்று கேட்டார். யோகம்மா அவரைக் குழாயடிக்கு அனுப்பிவிட்டு வடையைக் கொண்டுவந்தாள். ஆர்த்திகா தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். சிவசுப்பிரமணியம் ஒரு மிடறை வாயில் வைத்து உருட்டினார். வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"சாயம் நல்லா எறங்கியிருக்கு. நேரம் பாத்து ஊத்துன தேத்தண்ணி" என்றார்.

அடுத்த முக்கால் மணியில் எல்லாம் நல்லபடியாகப் பேசி முடிந்தது. பிரவீணனும் ஆர்த்திகாவும் கம்ப்யூட்டருக்கு முன்னால் நின்று, பேசுவதற்கு அதைவிட முக்கியமான விஷயமே உலகத்தில் இல்லாத மாதிரி மோடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள்.

சிவசுப்பிரமணியம் தொண்டையைச் செருமினார். "எங்களுக்குப் பூரண சம்மதமுங்க. பொண்ணு தங்கம். அத விட, நேரத்த மதிக்கிற குடும்பம். அதுதான் எனக்கு வேணும்."

யோகம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். இராசையா எழுந்து இரண்டு கையாலும் சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒங்கள மாதிரி ஒரு நிமிஷம் தவறாத மனுசர் சம்பந்தியா வர்றதுக்கு நாங்க குடுத்து வச்சிருக்கணுமுங்க!"

சிவசுப்பிரமணியம் அடக்கமாகத் தரையைப் பார்த்தார்.

அப்போது குடித்த கோப்பையைத் திருப்பிக் கொடுக்க வாசற்படிக்கு வந்த பாறூக், உள்ளே தலையை நீட்டிச் சிவசுப்பிரமணியத்திடம் கேட்டார்:

"ஐயா, வர்ற வழியில பெரகலையில டயர் மாத்தி முடிச்சதும் எல்லாரோட வாட்சையும் அரை மணி பின்னுக்கு வைக்கச் சொன்னீங்களே, இப்ப பழையபடி வச்சுக்கலாமா?"